திரைக்குப் பழுதில்லை, ஆப்கள்தான் நின்றன: ஏழு வருட ஸ்மார்ட் டிவி ஒன்றின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

பணி ஓய்வு பெற்ற தம்பதி, இருவர் மட்டும் இருக்கும் வீடு. ஹாலில் சுவரில் மாட்டிய 43 அங்குல 4கே ஸ்மார்ட் டிவி, வாங்கி ஏழு வருடம் ஆகியிருந்தது. அதோடு ஒரு செட்டாப் பாக்ஸும் ஒரு சவுண்ட்பாரும் இணைந்திருந்தன. வைஃபை ரவுட்டர் பக்கத்து அறையில். டிவி வந்த புதிதில், வெளியூரில் இருக்கும் மகள் வந்து ஆப்களை நிறுவி, தன் கணக்கில் லாகின் செய்து கொடுத்துவிட்டுப் போயிருந்தார். அதற்குப் பிறகு அந்த வீட்டில் யாரும் செட்டிங்ஸ் பக்கம் போனதில்லை.

அவர்கள் பார்த்தது மூன்றே ஆப்கள்: சந்தா கட்டிப் பார்க்கும் ஒரு பட ஆப், யூடியூப், ஒரு செய்தி ஆப். முகப்பில் வரிசையாக நின்ற மற்றவை டிவியோடு வந்தவை, யாரும் கேட்டு வாங்கியவை இல்லை.

வீட்டு இணையம், டிவி, பிரிண்டர் மாதிரியான சாதனங்களைச் சரிசெய்து தருவது என் வேலை. ஆனால் இங்கே என்னை அழைத்தது பழுது பார்க்க இல்லை. “எந்த டிவி வாங்கலாம்?” என்று கேட்பதற்குத்தான். பழையது போய்விட்டது என்று அவர்கள் முடிவே செய்திருந்தார்கள். ஆட்களை அடையாளம் காட்டும் விவரங்களையும், அந்த வீட்டுச் சாதனங்களின் நிறுவனப் பெயர்களையும் இங்கே விட்டுவிடுகிறேன்.

புகார்

பட ஆப்பைத் திறந்தால், இந்தச் சாதனத்தில் இனி இந்தச் சேவை கிடைக்காது என்று ஓர் அறிவிப்பு. யூடியூப் திறக்க நெடுநேரம் ஆகும். திறந்தாலும் கொஞ்ச நேரத்தில் தானாக மூடிக்கொண்டு முகப்புக்குப் போய்விடும். செய்தி ஆப்பில் நேரலை ஓடும்போது வட்டம் சுற்றிக்கொண்டே நிற்கும். மின்சாரம் போய் வந்த நாளில் எதுவுமே வராது, “இணைய இணைப்பு இல்லை” என்று சொல்லும். அதே வைஃபையில் கையிலிருக்கும் ஃபோனில் எல்லாம் ஓடிக்கொண்டிருக்கும்.

பெரியவர் இதையெல்லாம் சுருக்கி ஒரே வரியில் சொன்னார்: “செட்டாப் பாக்ஸ் மட்டும் நல்லா வருது தம்பி, மத்ததெல்லாம் போச்சு.”

பாதி விடை அதிலேயே இருந்தது. செட்டாப் பாக்ஸ் படம் தெளிவாக வருகிறதென்றால் பேனல், பின்விளக்கு, ஒலி மூன்றும் நன்றாக இருக்கின்றன. கோளாறு டிவிக்குள் உட்கார்ந்திருக்கும் சின்னக் கம்ப்யூட்டரிலோ, அது வெளியுலகத்தோடு பேசும் வழியிலோ இருக்க வேண்டும்.

பார்த்ததில் தெரிந்தவை

முதலில் லேப்டாப்பை எச்.டி.எம்.ஐ வழியாக இணைத்து 4கே படம் ஓட்டிப் பார்த்தேன். கோடு இல்லை, மூலையில் இருட்டு இல்லை, நிறம் மங்கவில்லை. திரையைப் பற்றிய பேச்சு அத்தோடு முடிந்தது. நான்கு புகாரும் ஒரே நோயின் அறிகுறிகள் என்று வீட்டில் நினைத்திருந்தார்கள். தேடிப் பார்த்தால் நான்குக்கும் நான்கு காரணம்.

மின்சாரம் போய் வந்தால் இணைப்பு அறுவதற்குக் காரணம் கடிகாரம். டிவி தன் நேரத்தை ஒளிபரப்பு சிக்னலில் இருந்து எடுத்துக்கொள்ளும்படி அமைக்கப்பட்டிருந்தது. இந்த வீட்டில் ஆன்டெனா கேபிள் எதுவும் டிவியில் செருகப்படவில்லை, எல்லாம் செட்டாப் பாக்ஸ் வழியாகத்தான். ஆகவே மின்சாரம் போனதும் டிவியின் தேதி பல வருடம் பின்னால் போய் நிற்கும், திருத்த ஆள் கிடையாது. ஆப் தன் சர்வரோடு பேசத் தொடங்கும்போது சர்வர் ஒரு டிஜிட்டல் சான்றிதழைக் காட்டும். இந்தத் தேதி முதல் இந்தத் தேதி வரை செல்லும் என்று அதில் இருக்கும். பின்னால் நிற்கும் கடிகாரத்தை வைத்துக்கொண்டு பார்க்கிற டிவிக்கு, அது இன்னும் செல்லுபடியாகத் தொடங்காத சான்றிதழ். அதனால் இணைப்பை மறுக்கிறது. மறுத்த காரணத்தைச் சொல்லாமல் “இணைப்பு இல்லை” என்று மட்டும் சொல்வதுதான் கொடுமை. பெரியவர் அப்போதெல்லாம் ரவுட்டரை அணைத்துப் போட்டுக்கொண்டிருந்திருக்கிறார். சில நாட்களில் தானாகச் சரியானதும் உண்டாம். எதனால் என்பதற்கு என்னிடம் உறுதியான விளக்கம் இல்லை.

யூடியூப் மூடிக்கொள்வதற்குக் காரணம் இடப் பற்றாக்குறை. டிவியின் உள் சேமிப்பு 8 ஜிபி. அதில் பெரும்பகுதியை இயக்க மென்பொருளும், நீக்க முடியாத ஆப்களும் பிடித்திருந்தன. மிச்சம் இருந்தது சில நூறு எம்பி. ஏழு வருடத்தில் ஆப்கள் பருத்துவிட்டன, டிவியின் நினைவகம் அப்படியே இருக்கிறது. போதாக்குறைக்கு ரிமோட்டில் அணைத்தால் டிவி முழுதாக அணைவதில்லை, அரைத் தூக்கத்துக்குத்தான் போகிறது. மறுபடி அழுத்தினால் உடனே படம் வருவது அதனால்தான். மாதக்கணக்கில் ஒருமுறைகூட மறுதொடக்கம் ஆகாத கம்ப்யூட்டர் எப்படி நடந்துகொள்ளுமோ அப்படித்தான் இதுவும் நடந்துகொண்டது.

வட்டம் சுற்றுவதற்கு வைஃபை. டிவியின் வைஃபை ஆன்டெனா பேனலுக்குப் பின்னால் இருக்கிறது. அதற்குப் பின்னால் சுவரில் மாட்டும் இரும்புச் சட்டம், அதற்கும் பின்னால் சுவர். டிவிக்கு முன்னால் ஃபோனைப் பிடித்து அளந்தால் வேகம் தாராளம். டிவியின் உள்ளேயே அளந்தால் ஒரு நேரம் 20 எம்.பி.பி.எஸ் (விநாடிக்கு இத்தனை மெகாபிட் என்ற வேக அளவு), இன்னொரு நேரம் 3. நெட்ஃபிளிக்ஸ் தன் வாடிக்கையாளர்களுக்குப் பரிந்துரைக்கும் அளவு 1080பி படத்துக்கு 5, 4கே படத்துக்கு 15 எம்.பி.பி.எஸ் என்பதோடு ஒப்பிட்டால் நிலைமை புரியும். சராசரியைப் பார்த்தால் போதும் போலத்தான் தெரியும். ஆனால் நேரலையில் முன்கூட்டியே எடுத்து வைத்துக்கொள்ள அதிகம் கிடைக்காததால், வேகம் 3-க்கு இறங்கும் அந்தச் சில விநாடிகளே வட்டத்தைக் கொண்டுவந்துவிடும்.

நான்காவது, பட ஆப். இதற்கு வீட்டுக்குள் தேடிப் பயனில்லை. அந்த டிவி மாடலுக்கான ஆப்பை நடத்துவதைச் சேவை நிறுவனமே நிறுத்திவிட்டது.

ஒரு சேவை ஏன் நிறுத்தும்?

இந்தக் கேள்வியைப் பெரியவர் கேட்டார், கோபத்தோடு. “காசு கட்டிக்கிட்டுத்தானே இருக்கோம்?” என்றார். நியாயமான கோபம்தான். கொஞ்சம் விரிவாகவே பதில் சொல்ல வேண்டியிருந்தது.

டிவி ஆப்களில் பெரும்பாலானவை உண்மையில் வலைப்பக்கங்கள். டிவிக்குள் இருக்கும் ஒரு பிரவுசர் எஞ்சின் அவற்றைத் திறந்து காட்டுகிறது. அந்த எஞ்சின் டிவி எந்த வருட மாடலோ அந்த வருடத்தோடு உறைந்துபோவது வழக்கம். எல்ஜி நிறுவனத்தின் 2018 மாடல் டிவிகளில் வந்த வெப்ஓஎஸ் 4 பதிப்பை எடுத்துக்கொள்ளுங்கள். அதற்குள் இருந்தது குரோமியம் 53, அதாவது குரோம் பிரவுசருக்கு அடிப்படையான எஞ்சினின் 53-ஆவது பதிப்பு. அது 2016-இல் வெளியான பதிப்பு. டிவி புதிதாகப் பெட்டியில் இருந்து வெளியே வரும்போதே அதன் பிரவுசருக்கு வயது இரண்டு. கம்ப்யூட்டரில் சில வாரத்துக்கு ஒருமுறை பிரவுசர் புதுப்பிக்கப்படுகிறது. டிவியில் அப்படி நடப்பதில்லை. ஆப் எழுதுகிறவர்கள் ஒவ்வொரு நிறுவனத்தின் ஒவ்வொரு வருட மாடலுக்கும் தனித்தனியாகச் சோதித்துப் பார்க்க வேண்டும். பார்ப்பவர்கள் குறையக் குறைய, அந்த வருடத்தை ஒருநாள் பட்டியலில் இருந்து அடித்துவிடுகிறார்கள்.

இதற்கு முன்னோடிகள் உண்டு. 2015 ஏப்ரல் 20 அன்று யூடியூப் தன் பழைய இணைப்பு முறையை மூடத் தொடங்கியது. 2012-லும் அதற்கு முன்பும் தயாரான பல டிவிகளில் யூடியூப் ஆப் அத்தோடு நின்றது. 2019 டிசம்பர் 1 முதல் சில பழைய சாம்சங் டிவிகளிலும், டிவியோடு இணைக்கும் ரோக்கு ஸ்ட்ரீமிங் கருவிகளிலும் நெட்ஃபிளிக்ஸ் நின்றது. 2020 மே 30 அன்று வேறு விதமாக நடந்தது: பழைய சாதனங்களுக்குள் பதிந்திருந்த ஒரு மூலச் சான்றிதழ் (சர்வர் காட்டும் சான்றிதழை நம்பலாமா என்று ஒப்பிட்டுப் பார்க்க உதவுவது) காலாவதியானதால் ரோக்குவின் சில சேனல்கள் உட்படப் பல சேவைகள் திடீரென இணைய மறுத்தன. யாரும் எதையும் மாற்றவில்லை. தேதி மட்டும் வந்து சேர்ந்தது.

சட்டம் இங்கே ஓரளவுக்குத்தான் உதவும். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2021 மார்ச் முதல் நடப்பில் உள்ள விதிப்படி, ஒரு மாடலின் கடைசி டிவி சந்தைக்கு வந்த பிறகும் குறைந்தது 8 வருடம் அதன் ஃபர்ம்வேர், அதாவது டிவிக்குள் இருக்கும் அடிப்படை மென்பொருள், கிடைக்கச் செய்ய வேண்டும். பிரிட்டனில் 2024 ஏப்ரல் 29 முதல், பாதுகாப்பு அப்டேட் எதுவரை வரும் என்பதைத் தயாரிப்பாளர் வெளிப்படையாகச் சொல்லியாக வேண்டும். இரண்டுமே டிவி தயாரிப்பாளரைக் கட்டுப்படுத்துபவை. மூன்றாவது ஆளான பட ஆப் நிறுவனம் இந்த மாடலுக்கு இத்தனை வருடம் ஓடியே ஆக வேண்டும் என்று அவை சொல்லவில்லை. பெரியவர் சந்தா கட்டியது சேவைக்கு. அது எந்தத் திரையில் வரும் என்பதற்கு அல்ல.

உடனே செய்தவை, செய்யாமல் விட்டது

நேரத்தை இணையத்தில் இருந்து எடுக்கும்படி மாற்றினேன். நேர மண்டலத்தைக் கையால் பதிந்தேன். பிளக்கைப் பிடுங்கி மறுபடி செருகிப் பார்த்ததில் தேதி தானாகச் சரியானது. நான்கு கோளாறுகளில் ஒன்று அங்கேயே தீர்ந்தது.

பயன்படுத்தாத ஆப்களில் நீக்க முடிந்தவற்றை நீக்கினேன். யூடியூப் ஆப்பின் தற்காலிகச் சேமிப்பை அழித்தேன். வாரம் ஒருமுறை டிவியின் பிளக்கை எடுத்துப் போடச் சொன்னேன். யூடியூப் ஓரளவு நிதானத்துக்கு வந்தது, மூடிக்கொள்வது குறைந்தது. வேகமானது என்று சொல்ல முடியாது.

வைஃபைக்குப் பதிலாக லேன் கேபிள் இழுத்தோம். இதில் மகளுக்கு ஒரு சந்தேகம். டிவியின் லேன் போர்ட் 100 எம்.பி.பி.எஸ் மட்டும்தான் என்று எங்கோ படித்திருக்கிறார், வைஃபையின் எண் அதைவிடப் பெரிதாயிற்றே என்றார். பல டிவிகளில் லேன் போர்ட் 100 தான், உண்மை. ஆனால் 15 தேவைப்படும் வேலைக்கு 100 தாராளம். இங்கே தேவை பெரிய எண் இல்லை, ஏறி இறங்காத எண். செய்தி ஆப்பில் வட்டம் சுற்றுவது நின்றது.

டிவியை வாங்கிய நாளின் நிலைக்கே கொண்டுபோகும் ஃபேக்டரி ரீசெட் மட்டும் செய்யவில்லை. எந்தக் கஸ்டமர் கேரைக் கேட்டாலும் முதலில் சொல்வது அதுதான், பல நேரம் பலனும் தரும். இங்கே அதற்கு முன்பு டிவியின் ஆப் ஸ்டோரைத் திறந்து அந்த மூன்று பெயர்களையும் தேடிப் பார்த்தேன். செய்தி ஆப் மட்டும் அந்த ஸ்டோரில் இல்லை. ஏற்கெனவே நிறுவியவர்களுக்கு ஓடுகிறது, புதிதாக நிறுவ முடியாது. ரீசெட் செய்திருந்தால் ஓடிக்கொண்டிருந்ததும் போயிருக்கும், திரும்பப் பெற வழியும் இருந்திருக்காது. பழைய டிவிகளில் இந்தச் சோதனையைச் செய்யாமல் ரீசெட்டில் கை வைக்கக் கூடாது என்பது என் கருத்து.

முடிவும் அதன் காரணமும்

பட ஆப்புக்கு இன்னும் வழி கிடைக்கவில்லை. முன்னால் இருந்தவை மூன்று: புதிய டிவி, ஃபோனில் இருந்து டிவிக்கு அனுப்புவது, ஆப்களைத் தனக்குள்ளேயே ஓட்டி, எச்.டி.எம்.ஐ-யில் செருகினால் டிவியில் காட்டும் ஸ்ட்ரீமிங் ஸ்டிக்.

ஃபோன் வழியை முதலில் ஒதுக்கினோம். படம் ஓடும்போது அழைப்பு வந்தால் என்ன செய்வது என்று அந்த அம்மாவுக்குப் பயம். தவிர, ஃபோனில் தேடி டிவியில் பார்ப்பது இருவருக்கும் கைவரவில்லை. கையில் ரிமோட் வேண்டும், அழுத்தினால் வர வேண்டும்.

புதிய டிவி வாங்கலாம். ஆனால் அது நன்றாக இருக்கும் ஒரு திரையைக் கழற்றிப் போட்டுவிட்டு, அதே மாதிரி உறைந்துபோகப் போகும் இன்னொரு கம்ப்யூட்டரைச் சுவரில் மாட்டுவது. பேனல் பத்து வருடம் உழைக்கலாம். ஆப்களுக்கு அந்த ஆயுள் இல்லை. இரண்டையும் ஒரே பெட்டியில் அடைத்து விற்பதுதான் பிரச்சினையின் வேர் என்று நான் நினைக்கிறேன். வண்டியின் டயர் தேய்ந்தால் வண்டியையே மாற்றச் சொல்வது போன்ற ஏற்பாடு அது. சில நிறுவனங்கள் இப்போது நிலைமையை உணர்ந்து, வாங்கிய பிறகும் பல வருடம் இயக்க மென்பொருளைப் புதுப்பித்துத் தருவதாக அறிவித்திருக்கின்றன, நல்லதுதான். ஆனாலும் மென்பொருள் புதிதாகும், அதைத் தாங்கும் நினைவகமும் சிப்பும் பழையதாகவே இருக்கும்.

ஆகவே ஸ்டிக். தேர்ந்தெடுக்கும்போது இரண்டு விஷயம் பார்த்தோம். ஒன்று, அந்த மூன்று ஆப்களும் அதன் ஸ்டோரில் உண்மையிலேயே இருக்கின்றனவா. இரண்டு, அது முறையாகச் சான்று பெற்ற கருவியா. இரண்டாவது விஷயத்தை வீட்டில் அலட்சியமாக எடுத்துக்கொண்டார்கள். உறவினர் ஒருவர், பெயர் தெரியாத ஓர் ஆண்ட்ராய்டு பெட்டியை வாங்கச் சொல்லியிருந்தார், அட்டையில் 4கே என்று பெரிதாகப் போட்டிருந்தது. படங்களைத் திருட்டு நகலில் இருந்து காக்கும் வைட்வைன் என்ற முறை, அப்படிப்பட்ட பல பெட்டிகளில் எல்3 என்ற கீழ்மட்டத்தில்தான் இருக்கும். எல்1 என்ற மேல்மட்டச் சான்று இல்லாத கருவிக்குப் பெரிய பட ஆப்கள் உயர்தரப் படத்தைத் தருவதில்லை, பழைய எஸ்டி தரத்தில் நிறுத்திவிடும். அட்டையில் இருக்கும் 4கே அங்கே உதவாது. இன்னொரு பக்கம், 2025 ஜூனில் அமெரிக்காவின் எஃப்.பி.ஐ வெளியிட்ட எச்சரிக்கை. பேட்பாக்ஸ் 2.0 என்ற தீய மென்பொருள், வாங்குபவர் கைக்கு வரும் முன்பே சில ஸ்ட்ரீமிங் பெட்டிகளில் புகுந்திருப்பதாக அது சொன்னது. இதைச் சொன்ன பிறகு அந்தப் பேச்சு எழவில்லை.

ஸ்டிக் வந்த பிறகு

செருகினால் ஓடும் என்பது பெட்டியில் எழுதியிருக்கும் வாசகம். உண்மையில் வேலை அதிகம் இருந்தது இந்தக் கட்டத்தில்தான்.

அடாப்டருக்கு பிளக் பாயிண்ட் தூரம் என்பதால், ஸ்டிக்குக்கான மின்சாரத்தை டிவியின் யூ.எஸ்.பி போர்ட்டில் இருந்து எடுத்திருந்தார்கள். சாதாரண யூ.எஸ்.பி 2.0 போர்ட் தருவது அரை ஆம்பியர். ஸ்டிக்குக்கு 4கே ஓடும்போது அது போதாது. படம் நடுவில் கருத்து, ஸ்டிக் முதலில் இருந்து தொடங்கும். மேலும் டிவியை அணைத்தால் ஸ்டிக்கும் அணையும், ஒவ்வொரு முறையும் முழுதாகத் தொடங்க நேரம் பிடிக்கும். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வைத்து, பெட்டியில் வந்த அடாப்டரையே போட்டோம். தீர்ந்தது.

அடுத்தது போர்ட். டிவியில் இருந்த மூன்று எச்.டி.எம்.ஐ போர்ட்டுகளில் ஒன்று சவுண்ட்பாருக்கான ஏ.ஆர்.சி போர்ட், ஒன்றில் செட்டாப் பாக்ஸ், மீதி ஒன்றில் ஸ்டிக். பட ஆப் 4கே தர மறுத்தது. டிவியின் கையேட்டைப் பார்த்தால் 4கே படத்துக்குத் தேவையான எச்.டி.சி.பி 2.2 பாதுகாப்பு முறை எல்லாப் போர்ட்டிலும் இல்லை. செட்டாப் பாக்ஸ் இருந்த போர்ட்டில் இருக்கிறது. இரண்டையும் இடம் மாற்றினோம். அப்புறம் அந்தப் போர்ட்டுக்கான உயர்தர சிக்னல் அமைப்பைத் தனியாக இயக்க வேண்டியிருந்தது. தொழிற்சாலையில் இருந்து வரும்போது அது அணைந்தே இருக்கிறது. ஏழு வருடமாக அந்த டிவி தன் முழுத் தரத்தை வெளியில் இருந்து வரும் எந்தப் படத்துக்கும் காட்டியதே இல்லை.

படத்தின் அமைப்புகள் ஒவ்வொரு போர்ட்டுக்கும் தனி. ஆகவே புதிய உள்ளீட்டில் கண்ணைக் கூச வைக்கும் நிறமும், நடிகர்கள் வழுக்கிக்கொண்டு நடப்பது போலக் காட்டும் அசைவு மென்மையாக்கலும் இயங்கின. அம்மா அதைச் சரியாகக் கவனித்தார்: “படம் சீரியல் மாதிரி இருக்கு.” படத்துக்கான மோடுக்கு மாற்றி, மென்மையாக்கலை அணைத்தேன். ஒலி உதட்டசைவுக்குக் கொஞ்சம் பிந்தியது. ஸ்டிக்கின் ஒலி ஒத்திசைவு அமைப்பில் சரிசெய்தாயிற்று.

ரிமோட்தான் பெரிய தலைவலி. இருந்தவை மூன்று: டிவி, செட்டாப் பாக்ஸ், ஸ்டிக். எச்.டி.எம்.ஐ கேபிள் வழியாகச் சாதனங்கள் ஒன்றுக்கொன்று கட்டளை அனுப்பும் சி.இ.சி வசதியை இயக்கினால் ஸ்டிக் ரிமோட் ஒன்றே போதும்: அழுத்தினால் டிவி எழும், சரியான போர்ட்டுக்கு மாறும், சவுண்ட்பார் ஒலி ஏறும். அப்படியே செய்தோம். சில நாளில் மகளிடம் இருந்து ஃபோன். நள்ளிரவில் டிவி தானாக எரிகிறதாம், அப்பா அம்மா பயந்துவிட்டார்களாம். செட்டாப் பாக்ஸ் இரவில் தன்னைப் புதுப்பித்துக்கொண்டு மறுதொடக்கம் ஆகும்போது, அதுவும் சி.இ.சி வழியாக டிவியை எழுப்பியிருக்கிறது. செட்டாப் பாக்ஸில் மட்டும் சி.இ.சி-யை அணைத்தோம். பிறகு அப்படி நடக்கவில்லை.

ஸ்டிக்கின் முகப்புப் பக்கம் டிவியினுடையதைவிட வியாபாரத்தனமானது. மேலே பெரிய விளம்பரம், நகர்த்தினால் தானாக ஓடும் முன்னோட்டம், கேட்காத பரிந்துரைகள். “எனக்கு மூணு ஆப் போதும் தம்பி, மத்ததெல்லாம் யாருக்கு?” என்றார் பெரியவர். தானாக ஓடுவதை அணைத்து, மூன்று ஆப்களை முதல் வரிசைக்குக் கொண்டுவந்தோம். விளம்பரத்தை முழுதாக எடுக்க வழியில்லை.

லாகின் மட்டும் எளிதாக இருந்தது. ரிமோட்டால் எழுத்தெழுத்தாகத் தட்டும் கொடுமை இல்லை. டிவியில் ஒரு குறியீடு வரும், பெரியவர் அதை ஃபோனில் வாசிப்பார், மகள் தன் இடத்தில் இருந்தே பதிவார். ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொன்னேன்: குறியீட்டைப் பதியும் முகவரியைத் திரையில் இருப்பதைப் பார்த்து நேரடியாகத் தட்ட வேண்டும், தேடுபொறியில் தேடக் கூடாது. சாதனத்தை இயக்கித் தருகிறோம் என்று பணம் கேட்கும் போலிப் பக்கங்கள் தேடலில் மேலே வந்து நிற்பதுண்டு.

டிவியைப் பார்க்கும்போது டிவி பார்ப்பது

ஆப்கள் ஸ்டிக்குக்குப் போன பிறகும் டிவி இணையத்தில் இருந்தது. அதன் அமைப்புகளில், திரையில் ஓடுவதை அடையாளம் காணும் ஏ.சி.ஆர் வசதிக்கு முதல் நாளே ஒப்புதல் தரப்பட்டிருந்தது. எல்லாவற்றுக்கும் சேர்த்து “ஏற்கிறேன்” அழுத்தினால் இதுவும் அதில் போய்விடும்.

இது கற்பனைப் பயம் இல்லை. 2017 பிப்ரவரியில் விசியோ என்ற டிவி நிறுவனம், 1.1 கோடி டிவிகளில் பார்ப்பவர்களின் சம்மதம் இல்லாமல் விநாடிக்கு விநாடி தகவல் சேகரித்ததாக எழுந்த வழக்கில், அமெரிக்காவின் எஃப்.டி.சி என்ற மத்திய வர்த்தக ஆணையத்துக்கும் நியூஜெர்சி மாநிலத்துக்கும் 22 லட்சம் டாலர் கட்டச் சம்மதித்தது. 2024-இல் வெளியான ஒரு பல்கலைக்கழக ஆய்வு, சாம்சங், எல்ஜி டிவிகளை வெறும் எச்.டி.எம்.ஐ திரையாகப் பயன்படுத்தும்போதும் ஏ.சி.ஆர் தகவல் போவதைக் கண்டது. அமைப்புகளில் அதை அணைத்தால் நின்றுவிடுகிறது என்பதையும் அதே ஆய்வு காட்டியது. ஸ்டிக் போட்டுவிட்டோம், இனி டிவிக்கு ஒன்றும் தெரியாது என்று நினைப்பது தவறு.

ஒப்புதலை விலக்கினேன். பிறகு லேன் கேபிளை டிவியில் இருந்து கழற்றி, அடாப்டர் ஒன்றின் மூலம் ஸ்டிக்குக்குக் கொடுத்தேன். டிவியில் பதிந்திருந்த வைஃபை கடவுச்சொல்லையும் அழித்தேன். செய்தி ஆப்பின் பழைய பதிப்பை இதனால் இழந்தோம், ஸ்டிக்கில் புதிய பதிப்பு இருப்பதால் கவலையில்லை. ஸ்டிக்கும் பார்ப்பதைக் குறித்து வைத்துக்கொள்ளும் கருவிதான், அதில் மறுப்பேதும் இல்லை. விளம்பரத்துக்காகப் பின்தொடரும் அனுமதியை அங்கேயும் அணைத்தோம். கண்கள் இரண்டில் ஒன்று குறைந்தது, அவ்வளவே.

விளைவு

சில மாதம் கழித்துப் போய்ப் பார்த்தேன். மூன்று ஆப்களும் ஓடுகின்றன. டிவி மாற்றப்படவில்லை. மின்சாரம் போய் வந்தால் தொல்லை இல்லை.

குறைகளும் இருக்கின்றன. டிவியின் பழைய ரிமோட்டில் பட ஆப்புக்கென்றே ஒரு தனிப் பொத்தான் உண்டு. அதை அழுத்தினால் செத்துப்போன அந்த ஆப்புக்கே கொண்டுபோய் விடுகிறது, அங்கிருந்து திரும்பி வர அம்மாவுக்குத் தெரியவில்லை. பொத்தானை வேறு வேலைக்கு மாற்ற டிவி விடவில்லை. மேலே ஸ்டிக்கர் ஒட்டி, ரிமோட்டை அலமாரியில் வைத்தாயிற்று. டிவியை இயக்கினால் கடைசியாகப் பார்த்த போர்ட்டிலேயே தொடங்கும்படி அமைத்தது கொஞ்சம் உதவியது.

ஸ்டிக்குக்கு ஒரு அப்டேட் வந்து முகப்பின் அடுக்கு மாறியது. மூன்று ஆப்களும் இரண்டாவது வரிசைக்கு இறங்கிவிட்டன. இளைஞர்களுக்கு இது ஒன்றுமே இல்லை. இடத்தை வைத்தே நினைவில் கொள்ளும் ஒருவருக்கு ஆப் காணாமல் போனதாகவே அர்த்தம். மகள் வீடியோ அழைப்பில் சொல்லிச் சொல்லிச் சரிசெய்தார்.

மாற்றிச் செய்ய வேண்டியவை

இதே மாதிரி அடுத்த வீட்டில் வேலையின் வரிசை சற்று மாறும். திரைச் சோதனை, கடிகாரம், ஸ்டோரில் ஆப் இருக்கிறதா என்ற தேடல் மூன்றும் முதலில் வரும். அவற்றுக்கு எந்தச் சாதனமும் வாங்க வேண்டாம். ஸ்டிக் வருமுன்பே டிவியின் கையேட்டில் எந்தப் போர்ட் எதைத் தாங்கும் என்று பார்த்து வைத்துவிடலாம். அடாப்டருக்கான பிளக் பாயிண்ட்டும் அப்போதே கணக்கில் வரும்.

சி.இ.சி-யை எல்லாச் சாதனத்திலும் ஒரே நேரத்தில் இயக்குவதைவிட, ஸ்டிக்கில் மட்டும் இயக்கி ஒரு வாரம் விட்டுப் பார்ப்பது மேல். நள்ளிரவுத் தொல்லை வந்தால் யாரால் வந்தது என்று தேட வேண்டியிருக்காது.

சுவரில் டிவி மாட்டுகிறவர்கள் கேபிளுக்குக் குழாய் பதிக்கும்போதே ஒரு லேன் கேபிளையும் சேர்த்து இழுத்துவிட்டால் நல்லது. இந்த வீட்டில் கேபிள் இன்னும் வாசற்படி ஓரமாகத்தான் வருகிறது. பெருக்கும்போது இடைஞ்சல் என்று அம்மாவின் புகார் நிலுவையில் இருக்கிறது.

கணக்கு விவரங்கள், எந்தப் போர்ட்டில் எது, ஸ்டிக்குக்குப் பாதுகாப்பு அப்டேட் எதுவரை வரும் என்று தயாரிப்பாளர் சொல்லியிருக்கும் காலம் ஆகியவற்றை மகள் ஒரு தாளில் எழுதி, கடவுச்சொற்களை மட்டும் தன்னிடம் வைத்துக்கொண்டார். அந்தக் காலம் முடிந்தால் ஸ்டிக்கை மாற்றுவதாக ஏற்பாடு. புதிய டிவிக்கு ஒதுக்கியிருந்த பணத்தில் பெரியவர் அந்தப் பட ஆப்பின் சந்தாவை ஒரு வருடத்துக்கு மொத்தமாகக் கட்டிவிட்டார். எனக்கு அதில் உடன்பாடில்லை, மாதாமாதம் கட்டியிருக்கலாம் என்று சொல்லியிருக்கிறேன்.